மைதானத்தில் சரிந்து விழும் பிள்ளை: பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டியது

தில்லி கோல் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள அரசுக் குவார்ட்டர்ஸ் பூங்காக்களில் மாலை ஐந்து மணிக்குக் கிரிக்கெட் தொடங்கிவிடும். தால்கட்டோராவில் நீச்சல் வகுப்பு, உள்ளரங்கில் பாட்மிண்டன், மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் பி.டி. பீரியட். இந்தப் பிள்ளைகளில் ஒருவரின் அம்மாவோ அப்பாவோ நீங்கள் என்றால், இப்படி ஒரு வீடியோ உங்கள் போனுக்கும் வந்திருக்கும். நன்றாக ஆடிக்கொண்டிருந்த இளைஞர் திடீரெனச் சரிந்து விழுகிறார். சுற்றி நிற்பவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பார்த்த இரவு உங்களுக்குத் தூக்கம் வந்திருக்காது. என் பிள்ளையை விளையாட அனுப்பலாமா, வேண்டாமா?

அனுப்புங்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மிகப் பெரும்பாலான பிள்ளைகளுக்கு விளையாட்டால் இதயத்துக்கு நன்மைதான். ஆபத்து உள்ள சிலரை எப்படி அடையாளம் காண்பது, யாராவது விழுந்துவிட்டால் அடுத்த சில நிமிடங்களில் என்ன செய்வது என்பவைதான் நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை.

இது மாரடைப்புதானே என்று நினைப்பீர்கள். பெரும்பாலும் இல்லை. மாரடைப்பு என்பது இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைபடுவது. அது வந்தவர் பெரும்பாலும் நினைவோடு இருப்பார், நெஞ்சு வலிக்கிறது என்று சொல்வார், நடந்துகூட வருவார். மைதானத்தில் நடப்பது திடீர் இதய நிறுத்தம் (இதயத்தின் மின்னோட்டம் தாறுமாறாகி, ரத்தத்தை வெளியே தள்ள முடியாமல் போவது). இதயம் துடிக்காமல் வெறுமனே நடுங்கும். மூளைக்கு ரத்தம் போகாததால் சில நொடிகளில் நினைவு தப்பிவிடும். மாரடைப்பு முற்றியும் இதயம் நிற்கலாம். ஆனால் இளையவர்களிடம் காரணங்கள் பெரும்பாலும் வேறு.

அந்தக் காரணங்களை மருத்துவர்கள் 35 வயதை ஒரு கோடாக வைத்துப் பிரிக்கிறார்கள். அந்த வயதுக்கு மேல் விளையாடும்போது இறப்பவர்களில் பெரும்பாலானோருக்கு ரத்தக்குழாய் அடைப்பு இருந்திருக்கும். இந்தியர்களுக்கு அது மற்றவர்களைவிடச் சீக்கிரமே வருகிறது என்பதால், முப்பதுகளில் திடீரென ஜிம்முக்குப் போகத் தொடங்கும் அப்பாக்களும் இதைக் கவனிக்க வேண்டும். 35-க்குக் கீழ் என்றால் பிறவியிலேயே வந்த கோளாறுகள்தான் அதிகம். இதயத் தசை தடித்திருக்கலாம். மின்னோட்டத்தில் குறை இருக்கலாம். இதயத்துக்கான ரத்தக்குழாயே தவறான இடத்திலிருந்து கிளம்பியிருக்கலாம். பிறவிக் குறை எதுவும் இல்லாமல், வைரஸ் காய்ச்சலால் இதயத் தசை வீங்கியும் இப்படி நடக்கும்.

அப்படியானால் விளையாட்டு இந்த நோயை உண்டாக்குகிறதா? இல்லை. கூரையில் ஓட்டை இருப்பது மழை பெய்யும்போது தெரிகிறது. மழை ஓட்டையைப் போடுவதில்லை. வேகமாக ஓடும்போது அட்ரினலின் (உடலை உசுப்பும் சுரப்பு) கூடும், உடல் நீரும் உப்பும் இழக்கும், இதயம் பலமாகத் துடிக்கும். ஏற்கெனவே குறையுள்ள இதயம் அந்த நேரத்தில் தடம் புரளலாம்.

இத்தாலியின் வெனெட்டோ பகுதியில் நடந்த ஆய்வில், போட்டிகளில் ஆடும் இளைஞர்களுக்கு ஆடாதவர்களைவிட இந்த ஆபத்து ஏறக்குறைய இரண்டரை மடங்கு இருந்தது. அதேசமயம் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து இரண்டிலும் 35 வயது வரையுள்ளவர்களின் திடீர் இதய மரணங்களைத் தொகுத்து 2016-ல் வெளியான ஆய்வு, ஆண்டுக்கு லட்சத்தில் 1.3 பேர் இப்படி இறப்பதாகக் கணக்கிட்டது. அவர்களில் பெரும்பாலோர் தூக்கத்திலோ ஓய்விலோ இறந்தவர்கள். வீட்டுக்குள் உட்கார வைப்பதால் மட்டும் பிள்ளை பத்திரமாகிவிடாது என்பதை இது காட்டுகிறது.

தில்லிக்கு நெருங்கிய ஒரு கதையைப் பார்ப்போம். 2017 அக்டோபரில் 17 வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கோப்பைக் கால்பந்து இந்தியாவில் நடந்தது. நம் அணியின் ஆட்டங்கள் இங்கே ஜவாஹர்லால் நேரு மைதானத்தில். அந்த அணியின் தடுப்பாட்டக்காரர் பஞ்சாபைச் சேர்ந்த அன்வர் அலி. மறு ஆண்டு ஸ்பெயினில் அர்ஜென்டினாவின் 20 வயதுக்குட்பட்ட அணியை இந்தியா வென்றபோது ஃப்ரீ கிக்கில் கோல் போட்டவரும் அவரே. 2019-ல், அவருக்கு 19 வயதை ஒட்டிய நேரத்தில், பரிசோதனையில் அவருடைய இதயத்தின் நுனிப் பகுதியில் தசை தடித்திருப்பது தெரிந்தது. ஹெச்சிஎம் (இதயத் தசை வேறு காரணமின்றித் தடிக்கும் பரம்பரை நோய்) என்றார்கள்.

2020-ல் முகமதன் ஸ்போர்ட்டிங் அணிக்குப் பயிற்சி செய்யப் போனவரை, மருத்துவக் குழு முடிவு சொல்லும்வரை ஆட வேண்டாம் என்று அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனம் நிறுத்தியது. அவர் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அதுவரை நம் நாட்டில் பெரிதாகப் பேசப்படாத ஒரு கேள்வி அங்கே வந்து நின்றது. ஆபத்தைத் தெரிந்துகொண்டே விளையாட விரும்பும் இளைஞரைத் தடுக்கும் உரிமை யாருக்கு? 2021-ல் அவர் மீண்டும் களமிறங்கி தில்லி எஃப்சி அணிக்காக ஆடினார். 2022 மார்ச்சில் இந்திய அணிக்காக முதல் ஆட்டம். அதே ஆண்டு ஜூனில் கொல்கத்தாவில் ஹாங்காங்குக்கு எதிராகக் கோல்.

அவர் ஆடுகிறாரே, அதே நோய் உள்ள என் பிள்ளையும் ஆடலாமா? இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். ஹெச்சிஎம் ஏறக்குறைய 500 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. பலர் அதோடு முதுமைவரை வாழ்கிறார்கள். தசை எவ்வளவு தடித்திருக்கிறது, எந்த இடத்தில், துடிப்பில் குழப்பம் உண்டா, மயக்கம் வந்ததுண்டா, குடும்பத்தில் யாராவது இப்படி இறந்தார்களா என்று பலவற்றைச் சேர்த்துப் பார்த்துத்தான் ஒருவரின் ஆபத்தைச் சொல்ல முடியும். அன்வர் அலிக்குப் பொருந்திய முடிவு இன்னொருவருக்குப் பொருந்த வேண்டியதில்லை.

முன்பு இந்த நோய் என்று தெரிந்தால் போட்டி விளையாட்டுக்கு உடனே தடை. இப்போது அந்த இறுக்கம் தளர்ந்திருக்கிறது. 2023-ல் வெளியான ஓர் ஆய்வு, ஹெச்சிஎம் உள்ளவர்கள், அதற்கான மரபணு மாற்றம் மட்டும் உள்ள சிலர் என 1,660 பேரைத் தொடர்ந்து கவனித்தது. கடுமையாக உடற்பயிற்சி செய்தவர்களுக்கும் மிதமாகச் செய்தவர்களுக்கும் ஆபத்தில் வேறுபாடு தெரியவில்லை. 2024-ன் அமெரிக்க வழிகாட்டுதலும், முழுப் பரிசோதனைக்குப் பிறகு மருத்துவரும் விளையாட்டு வீரரும் கலந்து பேசி முடிவெடுக்க இடம் தருகிறது. ஆனால் அந்த ஆய்வில் இருந்தவர்கள் நோய் தெரிந்து, மருத்துவர் கண்காணிப்பில் இருந்தவர்கள். நோய் இருப்பதே தெரியாமல் ஓடும் பிள்ளைக்கு அந்தத் தெம்பு பொருந்தாது.

சரி, எப்படித் தெரிந்துகொள்வது? பெரும்பாலும் உடல் முன்கூட்டியே ஏதாவது சொல்லும். அதில் மிக முக்கியமானது மயக்கம். எந்த நேரத்தில் மயங்கினான் என்பதைக் கவனியுங்கள். காலைப் பிரேயரில் வெயிலில் நெடுநேரம் நின்று மயங்கி விழுவதும், ஊசியைப் பார்த்து மயங்குவதும் பெரும்பாலும் சாதாரணமானவை. ஓட்டம் முடிந்து நின்றதும் தலைசுற்றி உட்காருவதும் பெரும்பாலும் அப்படியே. ஓடிக்கொண்டிருக்கும்போதே, நீந்திக்கொண்டிருக்கும்போதே பொத்தென விழுவது வேறு. சாப்பிடாமல் போனான், வெயில் அதிகம் என்று நாமே காரணம் சொல்லி விட்டுவிடக் கூடாத மயக்கம் அது. இதயநோய் மருத்துவர் பார்த்து, சரி என்று சொல்லும்வரை பிள்ளை விளையாட வேண்டாம்.

வேறு அறிகுறிகளும் உண்டு. ஓடும்போது நெஞ்சை அழுத்துவது போன்ற வலி, கூட ஓடுபவர்களைவிட அளவுக்கு மீறி மூச்சு வாங்குவது, காரணமே இல்லாமல் இதயம் படபடவென அடித்துக்கொள்வது, முன்பு எளிதாகச் செய்ததை இப்போது செய்ய முடியாமல் போவது. பெரிய சத்தத்தைக் கேட்டுத் திடுக்கிட்டு மயங்குவதும் இதில் சேரும். காலை அலாரம், டெலிபோன் மணிகூடப் போதும். நீண்ட க்யூடி (ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் இதயம் மின்னளவில் தயாராக நேரமெடுக்கும் குறை) உள்ள சிலருக்கு இப்படி நடக்கும். வேறு சிலருக்கு நீச்சல் குளத்தில் நடக்கும். நன்றாக நீந்தத் தெரிந்த பிள்ளை தண்ணீரில் மூழ்கியது என்ற செய்தி வந்தால், இதயத்தையும் ஒருமுறை சந்தேகிக்க வேண்டும்.

வலிப்பு என்று சொல்லி மருந்து கொடுக்கப்படும் பிள்ளைகளில் சிலருக்கு உண்மையில் இருப்பது இந்தக் கோளாறுதான். இதயம் சில நொடிகள் தடுமாறினால் மூளைக்கு ரத்தம் குறைந்து, கைகால் வெட்டி இழுக்கும். பார்ப்பவர்களுக்கு வலிப்பாகத் தெரியும். ஆகவே வலிப்பு வந்த பிள்ளைக்கு ஒருமுறையாவது இசிஜி (இதயத்தின் மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் சோதனை) எடுத்தார்களா என்று கேளுங்கள். ஓடும்போதோ திடுக்கிட்டோ வலிப்பு வந்ததென்றால் கட்டாயம் கேளுங்கள்.

அடுத்து குடும்பக் கதை. இதை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம்தான் கேட்க வேண்டும். ஊரில் சித்தப்பா ஒருவர் இருபத்தெட்டு வயதில் தூக்கத்திலேயே போனார், பெரியம்மா மகன் ஆற்றில் குளிக்கும்போது போனான், ஒருவர் நேரான சாலையில் பைக்கோடு சாய்ந்தார் என்று பல வீடுகளில் கதைகள் இருக்கும். விதி, கண்ணேறு என்று அன்று முடித்திருப்பார்கள். இப்படி ஐம்பது வயதுக்குள் காரணம் தெரியாமல் இறந்தவர் நெருங்கிய சொந்தத்தில் இருந்தால், உங்கள் பிள்ளையின் மருத்துவரிடம் அதைச் சொல்லுங்கள். தில்லிக்கு வந்து மூன்று தலைமுறை ஆன வீடுகளில் இந்தக் கதைகள் ஊரோடு நின்றுவிடுகின்றன. அடுத்தமுறை கும்பகோணத்துக்கோ பாலக்காட்டுக்கோ போனில் பேசும்போது கேட்டுவிடுங்கள்.

நம்மவர்களுக்கு இது அதிகமா என்ற சந்தேகமும் வரும். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பெருந்துறை தண்டபாணி, ஐதராபாத் சிசிஎம்பி ஆய்வகத்தின் தங்கராஜ் ஆகியோர் அடங்கிய குழு 2009-ல் ஒரு முக்கியமான ஆய்வை வெளியிட்டது. இதயத் தசைக்கான ஒரு மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டிருக்கும் மாற்றம், தெற்காசியர்களில் நூற்றுக்கு நான்கு பேரிடம் இருக்கிறது என்று அது காட்டியது. எண் பெரிதாக இருக்கிறதே என்று பதறாதீர்கள். அதைச் சுமக்கும் இளைஞர்களில் பெரும்பாலோர் நன்றாக இருக்கிறார்கள். சிக்கல் வந்தாலும் பெரும்பாலும் வயது ஏறிய பிறகுதான், அதுவும் எல்லோருக்கும் அல்ல. குடும்பக் கதையைக் கேட்டு வையுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இது இன்னொரு காரணம், அவ்வளவே.

எல்லாப் பிள்ளைகளுக்கும் இசிஜி எடுத்துவிட்டால் என்ன? இத்தாலியில் 1982 முதல் போட்டி விளையாட்டில் சேரும் எவருக்கும் இசிஜியோடு கூடிய பரிசோதனை கட்டாயம். வெனெட்டோவில் விளையாடும் இளைஞர்களிடையே திடீர் இதய மரணம் அதற்கு முன் ஆண்டுக்கு லட்சத்துக்கு 3.6 ஆக இருந்து, 2004 வாக்கில் 0.4 ஆகக் குறைந்தது. இஸ்ரேலிலும் இதைக் கட்டாயமாக்கினார்கள். அங்கே அப்படிக் குறைந்ததாகத் தெரியவில்லை. அமெரிக்காவில் கேள்விகளும் உடல் பரிசோதனையும் போதும், இசிஜி எல்லோருக்கும் வேண்டாம் என்கிறார்கள். அறிஞர்களிடையே இன்னும் தீராத வாதம் இது. நம் நாட்டில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை.

என் கருத்து இது. மாலையில் பூங்காவில் ஆடும் பிள்ளைக்கு மேலே சொன்ன கேள்விகளும், மருத்துவர் ஒருமுறை நெஞ்சில் ஸ்டெத் வைத்துப் பார்ப்பதும் போதும். அகாடமியில் சேர்ந்து, மாவட்டம், மாநிலம் என்று போட்டிக்குப் போகும் பிள்ளைக்கு ஒரு இசிஜி எடுத்துவிடுங்கள். சட்டையைக் கழற்றிப் படுக்க வைத்து, நெஞ்சிலும் கைகால்களிலும் பத்து ஒயர்களைப் பொருத்தி எடுப்பார்கள். வலியில்லை, ஊசியில்லை, ஐந்து நிமிட வேலை, செலவும் பெரிதல்ல. அதைப் படிப்பவர் முக்கியம். தினமும் பயிற்சி செய்யும் பிள்ளையின் இதயம் கொஞ்சம் பெரிதாகவும் மெதுவாகத் துடிப்பதாகவும் இருக்கும். இது நோயல்ல, பழக்கத்தால் வந்தது. பழகாத கண்ணுக்கு இது நோயாகத் தெரிந்து, நல்ல விளையாட்டுக்காரரை வீட்டில் உட்கார வைத்துவிடும். சந்தேகம் என்றால் எக்கோ (ஒலியலையால் இதயத்தைப் படமெடுப்பது) எடுக்கச் சொல்வார்கள்.

எல்லாம் நார்மல் என்று வந்துவிட்டால் கவலையில்லைதானே? அப்படியும் சொல்ல முடியாது. இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் 1996 முதல் 2016 வரை 11,168 இளம் வீரர்களுக்கு இசிஜியும் எக்கோவும் எடுத்தது. 42 பேரிடம் ஆபத்தான கோளாறு தெரியவந்தது. அவர்களில் பலர் சிகிச்சைக்குப் பிறகு மீண்டும் ஆடினார்கள். பின்னாளில் திடீர் இதய மரணத்துக்கு ஆளானவர்கள் எட்டுப் பேர். அந்த எட்டில் ஆறு பேருக்குப் பரிசோதனையில் எதுவும் தெரியவில்லை. இதயத் தசை நோய்கள் பல, வளரும் பருவத்திலும் அதற்குப் பிறகும் தலைகாட்டுவதே காரணம். பதினாறு வயதில் எடுத்த சான்றிதழை இருபத்து மூன்று வயதில் நம்ப முடியாது. தீவிரமாக ஆடுபவர்கள் சில ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப எடுக்க வேண்டும். நடுவில் ஓடும்போது மயக்கம் வந்தால், பழைய ரிப்போர்ட்டை நீட்டிச் சமாதானம் ஆகக் கூடாது.

கோளாறே இல்லாத இதயமும் நிற்கக்கூடும் என்பதையும் சொல்ல வேண்டும். கார்க் பந்து நெஞ்சின் இடப்பக்கம், இதயத்துக்கு நேர் மேலே வேகமாக வந்து பட்டால், ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவில் உள்ள ஒரு நுண்ணிய கணத்தில் அது விழுந்தால், இதயத்தின் ஓட்டம் குலைந்துவிடும். கொமோஷியோ கார்டிஸ் (நெஞ்சில் பட்ட அடியால் துடிப்பு குலைவது) என்று இதற்குப் பெயர். நெஞ்செலும்பு இன்னும் இறுகாத சிறுவர்களுக்கே இது அதிகம். 2023 ஜனவரியில் அமெரிக்கக் கால்பந்து வீரர் டாமர் ஹாம்லின் இப்படி விழுந்தார். அங்கேயே மார்பை அழுத்தி மின்னதிர்ச்சி கொடுத்ததால் பிழைத்தார், அதே ஆண்டு மீண்டும் ஆடினார். சின்னப் பிள்ளைகளுக்கு டென்னிஸ் பந்து போதும். கார்க் பந்தில் ஆடினால் நேராக வரும் பந்தை நெஞ்சால் தடுக்கப் பழக்காதீர்கள்.

காய்ச்சலோடு ஆடலாமா? கூடாது. மழை முடிந்த செப்டம்பர், அக்டோபரில் தில்லியில் வீட்டுக்கு வீடு வைரல் காய்ச்சல். சில வைரஸ்கள் இதயத் தசையை வீங்க வைக்கும். அந்த வீக்கத்தோடு ஓடினால் ஆபத்து கூடும். செலக்‌ஷன் இருக்கிறது, மேட்ச் இருக்கிறது என்று பாராசிட்டமால் போட்டு அனுப்பும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். காய்ச்சல் விட்டபின் ஒரு வாரம் மெல்ல மெல்லத் தொடங்கட்டும். அதற்குப் பிறகும் நெஞ்சு வலி, படபடப்பு, அசாதாரணமான களைப்பு இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். இதயத் தசை வீக்கம் என்று உறுதியானால் மூன்று முதல் ஆறு மாதம்வரை ஓய்வு சொல்வார்கள். ஆறு மாதமா என்று பிள்ளை அழும். அந்த இடத்தில் நீங்கள் உறுதியாக நிற்க வேண்டும்.

கொரோனா தடுப்பூசிதான் காரணம் என்கிறார்களே? இந்தச் சந்தேகம் பலருக்கு உண்டு. அதைத் தீர்க்க இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நாடெங்கும் 47 மருத்துவமனைகளை வைத்து, 18 முதல் 45 வயதுக்குள் திடீரென இறந்த 729 பேரைப் பற்றி ஆய்வு செய்து 2023-ல் வெளியிட்டது. தடுப்பூசி அந்த ஆபத்தைக் கூட்டவில்லை. கூட்டியவை வேறு: கொரோனாவால் மருத்துவமனையில் படுக்க நேர்ந்தது, குடும்பத்தில் திடீர் மரணம், இறப்பதற்கு முந்தைய 48 மணி நேரத்தில் அளவுமீறிக் குடித்தது, போதைப்பொருள், கடும் உடலுழைப்பு. கடைசியாகச் சொன்னதைக் கல்லூரி முடித்த பிள்ளைகள் கவனிக்க வேண்டும். வாரம் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை ஒரே நாளில் ஈடுகட்டப் பார்ப்பதும், ஜிம்மில் சேர்ந்த முதல் வாரமே எடையை ஏற்றுவதும், என்ன கலந்திருக்கிறதென்று தெரியாத பவுடர்களையும் ஊசிகளையும் நம்புவதும் வேண்டாம்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் யாராவது ஒருவர் விழத்தான் செய்வார். அப்போது பக்கத்தில் நிற்பவர் நீங்களாக இருந்தால்?

விழுந்தவரின் தோளைத் தட்டி உரக்கக் கூப்பிடுங்கள். பதில் இல்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் இதயம் நின்றுவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கே ஒரு பெரிய குழப்பம் வரும். சிலர் விழுந்த பிறகும் மீன் வாயைத் திறப்பதுபோல் விட்டு விட்டு மூச்சை இழுப்பார்கள், தொண்டையில் கொர்ரென்று சத்தம் வரும், கைகால் உதறும். மூச்சு இருக்கிறது, வலிப்புதான் என்று எல்லோரும் சொல்வார்கள். ஒருவர் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார், ஒருவர் வாயில் தண்ணீர் ஊற்றுவார், ஒருவர் தூக்கி உட்கார வைப்பார். மூன்றுமே கூடாது. இரும்பால் எதுவும் ஆகாது. தண்ணீர் மூச்சுக்குழாயில் இறங்கும். உட்கார வைத்தால் மூளைக்கு வரும் கொஞ்ச ரத்தமும் நின்றுவிடும். விளையாடும்போது பொத்தென விழுந்து, கூப்பிட்டால் பேச்சில்லாத எவரையும், உதறினாலும் சரி, இதயம் நின்றவராகவே நடத்துங்கள்.

ஒருவர் 112-க்குப் போன் செய்யட்டும். தில்லியில் ஆம்புலன்ஸுக்கு 102, தமிழ்நாட்டில் 108. நீங்கள் விழுந்தவரைச் சமதளத்தில் மல்லாக்கப் படுக்க வைத்து, பக்கத்தில் முட்டி போடுங்கள். நெஞ்சின் நடுவில், இரண்டு மார்புக் காம்புகளுக்கும் இடையில், ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியை வையுங்கள். அதன்மேல் மறு கையை வைத்து விரல்களைக் கோத்துக்கொள்ளுங்கள். முழங்கை மடங்காமல், உங்கள் உடல் எடை இறங்கும்படி அழுத்துங்கள். ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் உள்ளே போக வேண்டும். ஒவ்வொரு முறையும் நெஞ்சு முழுதாக மேலே வர விடுங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, அதாவது ஒரு நொடிக்கு ஏறக்குறைய இரண்டு. இரண்டு நிமிடத்தில் கை ஓய்ந்துவிடும். அடுத்தவர் வாங்கிக்கொள்ளட்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை நிறுத்தாதீர்கள். இதுதான் சிபிஆர் (நின்ற இதயத்தின் வேலையைக் கையால் செய்வது). வாயில் வாய் வைத்து ஊதத் தெரியாவிட்டால் பரவாயில்லை. மைதானத்தில் விழுந்த இளைஞருக்கு அழுத்துவது மட்டுமே பெரிய உதவி. தண்ணீரில் மூழ்கியவருக்கும் சின்னக் குழந்தைக்கும் மூச்சும் கொடுக்க வேண்டும்.

அழுத்தினால் எலும்பு உடைந்துவிடாதா? உடையலாம், பிறகு சேர்ந்துகொள்ளும். இதயம் ஓடிக்கொண்டிருப்பவருக்குத் தவறாக அழுத்திவிட்டால்? பெரிய தீங்கு வராது, அவர் கையைத் தட்டிவிடுவார். விழுந்தது பெண் பிள்ளை என்றால் நெஞ்சில் கை வைக்கத் தயங்கி நிற்கிறார்கள். தயவுசெய்து தயங்காதீர்கள். தேவையென்றால் நாலு பேர் திரும்பி நின்று மறைத்துக்கொள்ளலாம், அழுத்துவது நிற்கக் கூடாது.

கோல் மார்க்கெட்டில் இருப்பவர்கள் இன்னொன்றும் கேட்பார்கள். பெரியவர்கள் இன்னும் வில்லிங்டன் ஆஸ்பத்திரி என்றே சொல்லும் ஆர்எம்எல் இதோ இருக்கிறதே, தூக்கி ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடிவிடலாமே? பாசத்தில் எல்லோரும் செய்வது இதுதான், உயிர் போவதும் இப்படித்தான். கணக்குப் போட்டுப் பாருங்கள். தூக்க ஒரு நிமிடம், ஆட்டோ பிடிக்க இரண்டு, பாபா கடக் சிங் மார்க் சிக்னலில் இரண்டு, கேட்டிலிருந்து காஷுவல்டிக்குப் போக இரண்டு. அழுத்தாமல் விட்ட ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏழு முதல் பத்து வரை குறைகிறது. பக்கத்துத் தெருவில் ஆஸ்பத்திரி இருந்தாலும், விழுந்த இடத்திலேயே அழுத்தத் தொடங்க வேண்டும்.

2012 மார்ச்சில் பெங்களூருவில் உள்ளூர் லீக் ஆட்டத்தில் டி. வெங்கடேஷ் என்ற 27 வயது வீரர் சரிந்து விழுந்தார். மைதானத்தில் ஆம்புலன்ஸ் இல்லை. ஆட்டோவில்தான் கொண்டுபோனார்கள், பிழைக்கவில்லை. 2021 ஜூனில் கோபன்ஹேகனில் டென்மார்க் வீரர் கிறிஸ்டியன் எரிக்சன் விழுந்தபோது, அதே புல்தரையில் மார்பை அழுத்தி, ஏஇடி (இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சீராக்கும் சிறு பெட்டி) கொண்டு அவரை மீட்டார்கள். மறு ஆண்டே அவர் மீண்டும் கால்பந்து ஆடினார். எரிக்சனுக்குக் கிடைத்த அந்தச் சில நிமிடங்கள் வெங்கடேஷுக்கும் கிடைத்திருக்க வேண்டும் என்று நினைக்கும்போதெல்லாம் மனம் ஆறுவதில்லை.

ஏஇடியை இயக்க மருத்துவராக இருக்க வேண்டியதில்லை. திறந்தால் அதுவே பேசும். சட்டையைக் கழற்றி, வியர்வையைத் துடைத்து, படத்தில் காட்டியபடி இரண்டு பட்டைகளை நெஞ்சில் ஒட்ட வேண்டும். மின்னதிர்ச்சி தேவையா என்று அந்தப் பெட்டியே பார்த்து முடிவு செய்யும். தேவையில்லாதவருக்குக் கொடுக்காது. விமான நிலையங்களில் சுவரில் மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் பற்றிக் கேட்ட பிறகு இதையும் கேளுங்கள்: பள்ளியில் ஏஇடி உண்டா, எங்கே இருக்கிறது, அந்த அறைச் சாவி மாலை ஐந்து மணிக்கு யாரிடம், பி.டி. மாஸ்டருக்கும் கோச்சுக்கும் சிபிஆர் தெரியுமா? குடியிருப்போர் சங்கத்திலும் கேளுங்கள். பல வீடுகள் சேர்ந்து வாங்கினால் எட்டாத விலை அல்ல. பூட்டிய அலமாரியில் வைத்தால் மட்டும் வாங்கியும் பயனில்லை.

கடைசியாக, பேசவே கடினமான ஒன்று. ஒரு வீட்டில் இளம்பிள்ளை இப்படி இறந்துபோனால், பிரேதப் பரிசோதனை வேண்டாம், உடலைக் கொடுத்துவிடுங்கள் என்றுதான் பெற்றோர் கெஞ்சுவார்கள். அந்த வேதனை புரிகிறது. ஆனாலும் பக்கத்தில் நிற்கும் உறவினர் நீங்கள் என்றால், மெல்ல எடுத்துச் சொல்லுங்கள். இந்த நோய்கள் பல, பெற்றோரில் ஒருவரிடமிருந்து பாதிக்குப் பாதி வாய்ப்பில் பிள்ளைகளுக்கு வருபவை. இதயத்தைப் பரிசோதித்தால் காரணம் தெரியலாம். தெரியாவிட்டாலும், அம்மா, அப்பா, உடன்பிறந்தவர்கள் எல்லோரும் அடுத்த சில வாரங்களுக்குள் இதயநோய் மருத்துவரிடம் போய் இசிஜியும் எக்கோவும் எடுக்க வேண்டும். தம்பிக்கு வயது பன்னிரண்டுதான், இப்போது எல்லாம் நார்மல் என்று வந்தாலும், அவன் வளர்ந்து முடிக்கும்வரை ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப எடுக்கச் சொல்வார்கள். அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்துவைப்பது, துக்கத்தில் இருக்கும் அந்த அம்மாவால் ஆகாது. நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள்.